எந்த வோங்? சீனக் குடும்பப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதறிய கதை

சிங்கப்பூருக்கு அண்மையில் வேலைக்கு வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பிரிவில் டான், சான், சென், சின் என்று நான்கு சீனர்கள் இருக்கிறார்கள். நால்வருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். அதே அலுவலகத்தில் இருவர் தங்கள் பெயரை என், ஜி என்ற இரண்டே ஆங்கில எழுத்துகளில் எழுதுகிறார்கள். அவர்களோ தங்களுடையவை வேறு வேறு பெயர்கள் என்கிறார்கள். என்னை வைத்து விளையாடுகிறார்களா? உயிரெழுத்தே இல்லாத அந்தப் பெயரை எப்படித்தான் கூப்பிடுவது?"

யாரும் விளையாடவில்லை. இரண்டு பேச்சும் உண்மை. எனக்கும் இது புரியச் சில மாதங்கள் பிடித்தன.

சிங்கப்பூரில் ஒரு சிறிய அச்சகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் அட்டைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனம். சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தன் பெயர் வோங் என்றார். முதலாளி அம்மா உடனே, "எந்த வோங்?" என்று கேட்டார். மறுமுனையில் ஏதோ பதில் வந்தது. "புல் தலையா, சரி" என்று எழுதிக்கொண்டார். அடுத்த நாள் இன்னொரு வோங். அவர் "மூன்று கோடு" என்றாராம். அட்டையின் ரகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நான் நினைத்தேன். பேசியது எழுத்தின் வடிவத்தைப் பற்றி. புல்லைக் குறிக்கும் கீற்றைப் போன்ற தலைப்பகுதி உள்ள எழுத்து ஒரு வோங். மூன்று கிடைக்கோடுகளும் ஒரு நெடுங்கோடும் கொண்டது இன்னொரு வோங்.

இதை விளங்கிக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. தாளில் 7 என்று எழுதுங்கள். நாம் ஏழு என்று வாசிப்போம், தெலுங்கர் ஏடு என்பார், இந்திக்காரர் சாத் என்பார். குறி ஒன்று, வாசிப்பு மூன்று. சீனக் குடும்பப் பெயரும் அப்படித்தான். பெரும்பாலும் ஒற்றை எழுத்து. அதை வடக்கே பிறந்து சீனாவின் பொதுமொழியான மாண்டரினைப் பேசுகிறவர் ஒரு மாதிரியும் ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் பேசுகிறவர்கள் வேறு மாதிரியும் ஒலிப்பார்கள். இவற்றைக் கிளைமொழிகள் என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத அளவுக்கு விலகியவை. கப்பலில் வந்து இறங்கியவர் தன் வாயில் வந்தபடி பெயரைச் சொன்னார். சீன எழுத்து தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். 7 என்ற குறியைப் பார்க்காமலே ஒருவர் 'ஏழு' என்றும் மற்றவர் 'சாத்' என்றும் பதிவு செய்தது போல.

கண்முன் உள்ள உதாரணத்தையே பாருங்கள். சிங்கப்பூரின் இன்றைய பிரதமர் லாரன்ஸ் வோங். 1985 முதல் 1993 வரை அதிபராக இருந்தவர் வீ கிம் வீ. நீண்ட காலம் தற்காப்பு அமைச்சராக இருந்தவர் இங் எங் ஹென். வோங், வீ, இங் ஆகிய மூன்றும் சீன எழுத்தில் ஒரே பெயர். முதலாளி அம்மா சொன்ன அந்தப் புல் தலை எழுத்து, மாண்டரினில் ஹுவாங். பினாங்கில் இதே பெயர் 'ஊய்' ஆகும். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் அதே ஒலியை ஓ, இ, ஐ என்ற மூன்று எழுத்துகளில் எழுதினார்கள். போர்ச்சுகீசியர் ஆண்ட மக்காவிலோ வோங் என்பதன் முதலெழுத்து டபிள்யூவுக்குப் பதில் வி. வீ கிம் வீ என்ற பெயரில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. முதல் வீயும் கடைசி வீயும் ஆங்கிலத்தில் அச்சு அசலாக ஒன்று. சீனத்தில் முற்றிலும் வேறு. முன்னது குடும்பப் பெயர், பின்னது ஒளி என்று பொருள்படும் சொல். மாண்டரினில் அவர் ஹுவாங் ஜின்ஹுய்.

சரி, வோங் என்றாலே ஹுவாங்தானா? அதுவும் இல்லை. அரசன் என்று பொருள்படும் மூன்று கோட்டு எழுத்து மாண்டரினில் வாங். கான்டனீஸ் பேச்சில் வாங், ஹுவாங் இரண்டுமே வோங் ஆகிவிடுகின்றன, ஏற்ற இறக்கம்கூட ஒன்றுதான். ஹொக்கியனில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே வாங் என்பது ஓங். வீ கிம் வீக்கு அடுத்து அதிபரான ஓங் டெங் சியோங் இந்த ஓங்தான்.

இப்போது உங்கள் அலுவலகத்து இருவரிடம் வருகிறேன். ஹொக்கியன், தியோச்சூ வீடுகளில் ஹுவாங் என்ற எழுத்தை 'ங்' என்று ஒலிப்பார்கள். கான்டனீஸ், ஹக்கா வீடுகளில் 'ங்' என்பது வேறோர் எழுத்து, மாண்டரினில் வூ. அதே வூ ஹொக்கியனில் கோ. முன்னாள் பிரதமர் கோ சோக் டோங்கின் பெயர் அது. ஆக, ஒரே மாதிரி எழுதும் உங்கள் சகாக்களில் ஒருவர் பிரதமர் வோங்கின் பெயரைக் கொண்டவராகவும், மற்றவர் முன்னாள் பிரதமர் கோவின் பெயரைக் கொண்டவராகவும் இருக்கக்கூடும்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை ஆங்கிலேயரைவிட நமக்கு வசதி. அந்த ஒலிக்கென்றே நம்மிடம் ஓர் எழுத்து சும்மா கிடக்கிறது. அரிச்சுவடியில் படித்ததோடு சரி, பிறகு அங்ஙனம், இங்ஙனம் தவிர எங்கும் தனியாகத் தலைகாட்டாத ங. வாயை மூடாமல், முன்னால் உயிர் எதையும் சேர்க்காமல், 'சங்கு' என்ற சொல்லில் ககரத்துக்கு முன் நின்றுவிடும் ஒலியை மட்டும் மூக்கால் நீட்டுங்கள். அவ்வளவுதான். சொல் மெய்யில் தொடங்கக்கூடாது என்பது நம் இலக்கணம் என்பதால் சிங்கப்பூர்த் தமிழில் 'இங்' என்று எழுதுகிறார்கள். எழுத அது சரி. பேசும்போது இகரத்தை விழுங்கிவிடுங்கள்.

நால்வரின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. டான், சான், சென், சின். ஹொக்கியனிலும் தியோச்சூவிலும் டான், கான்டனீஸில் சான், மாண்டரினில் சென், ஹக்காவில் சின். சரவாக்கின் ஃபூச்சோ மக்களிடம் இதே எழுத்து டிங் ஆகிறது, வியட்நாமில் டிரான். ஒரே எழுத்து ஓரிடத்தில் 'ட'வில் தொடங்குவதும் இன்னோரிடத்தில் 'ச'வில் தொடங்குவதும் ஏன்? விடை உங்கள் அடுப்படியில் இருக்கிறது. தேயிலை என்கிறோம், சாயா என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே சீனச் சொல். ஹொக்கியன்காரர் அதை 'தே' என்பார், கான்டனீஸும் மாண்டரினும் 'சா' என்னும். ஹொக்கியன் துறைமுகங்கள் வழியாகப் போன நாடுகளுக்குத் 'தே' கிடைத்தது; பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாக வந்த இடங்களில் 'சா' சாயா ஆயிற்று. டானுக்கும் சானுக்கும் உள்ள உறவும் இதே உறவு. தற்செயல் ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய சீன ஒலிநூல்கள் தேயிலையின் முதலொலியையும் இந்தப் பெயரின் முதலொலியையும் ஒரே வகுப்பில்தான் வைத்திருக்கின்றன.

பழங்காலத்தில் இரண்டுமே நாக்கு நுனி பல்லருகே தட்டும் ஒலியில் தொடங்கின. வடக்கே அது நாளடைவில் சகரமாக இளகியது. ஹொக்கியன் உள்ளிட்ட ஃபுஜியன் கடற்கரை மொழிகள் அதற்கு முன்பே பிரிந்து போய்விட்டதால் பழைய ஒலியைக் காப்பாற்றிக்கொண்டன. 18ஆம் நூற்றாண்டில் சியன் டாசின் என்ற சீன அறிஞர் பழைய நூல்களை வைத்தே இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் பல பூட்டுகள் திறக்கும். மாண்டரின் ஜாங், கான்டனீஸ் சியோங், சிங்கப்பூர் டியோ: ஒரே பெயர். மாண்டரின் ஜெங், கான்டனீஸ் செங், சிங்கப்பூர் டே: ஒரே பெயர். சிங்கப்பூர்ப் பெயர் டகரத்தில் தொடங்கினால், பெய்ஜிங்கில் ச அல்லது ஜ இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

இந்தச் சென் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஒரு நாட்டின் பெயர் அது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசை வீழ்த்திய ஜோவ் மன்னர் வூ, பழம்பெரும் அரசர் ஷுன்னின் வழிவந்தவராகக் கருதப்பட்ட ஒருவருக்கு, இன்றைய ஹெனான் மாநிலத்தில் ஹுவாய்யாங் பகுதியைக் கொடுத்தார். அதுதான் சென் நாடு. கி.மு. 672இல் அந்த அரச குடும்பத்தில் நடந்த சண்டையில் சென் வான் என்ற இளவரசர் தப்பி ஓடிச் சீ நாட்டில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய சந்ததி தியன் என்ற பெயரால் அறியப்பட்டது. இன்று கேட்டால் சென்னுக்கும் தியன்னுக்கும் ஒட்டே இல்லை. அன்றைய ஒலிப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. அகதியாகப் போன அந்தக் குடும்பம் கி.மு. 386இல் சீ நாட்டின் அரியணையிலேயே முறைப்படி உட்கார்ந்துவிட்டது. சென் நாடோ அதற்கு வெகு முன்பே, கி.மு. 478இல், சூ நாட்டிடம் அழிந்துபோனது. நாடு போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

ஹுவாங் என்றால் மஞ்சள் என்று அகராதி சொல்லும். நிறத்தை வைத்து வந்த பெயர் என்று எண்ண வேண்டாம். அதுவும் ஹெனான் பகுதியில் இருந்த, கி.மு. 648இல் அழிந்த ஒரு சிறு நாட்டின் பெயர். வூ என்பது சூஜோவ் வட்டாரத்தில் இருந்த பெரிய நாடு, கி.மு. 473இல் வீழ்ந்தது. பதவியிலிருந்தும் பெயர் வந்தது: சீமா என்ற இரட்டையெழுத்துப் பெயர் படை விவகாரங்களைக் கவனித்த உயர் அதிகாரியின் பட்டம். தொழிலிலிருந்தும் வந்தது: தாவ் என்றால் குயவர். மேற்கு வாசலுக்கு அருகில் குடியிருந்தவர் சீமென் ஆனார். ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆதியில் இரண்டு அடுக்குகள் இருந்தன. 'சிங்' என்பது குலப்பெயர், 'ஷி' என்பது கிளைப்பெயர். நிலம், பதவி, அந்தஸ்து ஆகியவற்றைக் காட்ட ஷி. யாரை யார் மணக்கக்கூடாது என்று பார்க்கச் சிங். பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வதைப் போன்றதுதான். மிகப் பழைய குலப்பெயர்களான ஜி, ஜியாங், யாவ், யிங் போன்றவற்றின் எழுத்துகளில் பெண் என்ற குறி உள்ளே இருக்கிறது. 'சிங்' என்ற எழுத்தே பெண்ணும் பிறப்பும் சேர்ந்தது. தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்று இதைப் பலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகத் தயங்குவேன், ஆனாலும் குறி அங்கே இருக்கிறது. சின், ஹான் அரசமரபுகளின் காலத்தில் இரண்டு அடுக்கும் கலந்து ஒன்றாகிவிட்டன. மணத்தடை மட்டும் நீடித்தது. டாங் அரசமரபின் சட்டப்படி ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவர் மணந்துகொண்டால் ஆளுக்கு இரண்டு ஆண்டு கட்டாய உழைப்புத் தண்டனை. பழைய வழக்கத்தின் கண்ணில் டான் வீட்டுப் பையனும் சான் வீட்டுப் பெண்ணும் சேரக்கூடாது. உங்கள் இரண்டு 'இங்'களும் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

ஒரே பெயர் என்பதால் ஒரே இரத்தம் என்றும் ஆகாது. பெயரைக் கொடுத்தார்கள், பிடுங்கினார்கள், மாற்றினார்கள். 496இல் வடக்கு வேய் பேரரசர் சியாவ்வென் தம் சியன்பெய் இன மக்களைச் சீனப் பெயருக்கு மாறச் சொல்லி, தாமே தூபா என்ற குலப்பெயரை விட்டு யுவான் ஆனார். கடலோடி ஜெங் ஹே பிறவியில் மா. யுன்னான் முஸ்லிம் குடும்பம். ஜெங் என்பது யோங்லே பேரரசர் கொடுத்த பெயர். இலங்கைக் காலியில் சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டை நிறுத்தினாரே, அவர்தான். அந்த ஜெங்கைத்தான் சிங்கப்பூரில் டே என்கிறார்கள். 1725இல் யோங்ஜெங் பேரரசர் காலத்தில் இன்னொரு கூத்து: கன்பூசியஸின் இயற்பெயர் சியூ என்பதால், அந்த எழுத்தைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் மரியாதை கருதிப் பக்கத்தில் ஒரு குறியைச் சேர்த்து எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. பினாங்கில் மாளிகை போன்ற குலக்கோயில் கட்டியிருக்கும் கூ குடும்பத்தார் அந்தக் குறி சேர்ந்த எழுத்துக்காரர்கள்.

இனி சொல்லின் வால். லிம் என்ற பெயருக்குக் காடு என்று பொருள். இரண்டு மரக்குறிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஷாங் அரசின் கொடுங்கோல் மன்னனைக் கண்டித்ததற்காகக் கொல்லப்பட்ட பிகானின் மனைவி காட்டுக்குள் ஓடிப்போய்ப் பிள்ளை பெற்றாள், அதனால் இந்தப் பெயர் என்று கதை. ஹொக்கியன் லிம், ஹாங்காங் லாம், மாண்டரின் லின். மாண்டரின் சொல்லிறுதி மகரத்தைத் தொலைத்து னகரமாக்கிவிட்டது. ப், த், க் என்று முடியும் சொற்களின் வாலையும் அது கத்தரித்துவிட்டது. கோலாலம்பூரை வளர்த்த யாப் ஆ லோயின் யாப், ஹாங்காங்கில் யிப், பெய்ஜிங்கில் வெறும் யே. தெற்கின் குவோக், குவெக் எல்லாம் வடக்கே குவோ. எனவே வல்லொற்றிலோ மகரத்திலோ முடியும் பெயரைக் கண்டால் மாண்டரின் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மாண்டரினுக்குள்ளேயும் எழுத்துமுறை ஒன்றல்ல. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் வேட் தொடங்கி ஹெர்பர்ட் கைல்ஸ் 1892ஆம் ஆண்டு அகராதியில் நிலைநிறுத்திய முறை ஒன்று. அதில் மூச்சோடு வரும் ஒலிக்கு மேலே ஒரு காற்புள்ளி போன்ற குறி போட வேண்டும். போடுவதற்குச் சோம்பல்பட்டு எல்லோரும் விட்டுவிட்டார்கள்; ஜாங்கும் சாங்கும் ஒரே எழுத்துக்கூட்டில் விழுந்தன. தைவானில் பெரும்பாலோர் இன்றும் இந்த முறையில்தான் பெயர் எழுதுகிறார்கள். சீனா 1958இல் பின்யின் என்ற வேறோர் ஆங்கில எழுத்துமுறையை ஏற்றது. ஒரே ட்ஸாய் குடும்பம் தைவானில் டி, எஸ் என்று தொடங்கும், சீனாவில் சி என்று தொடங்கும். சிங்கப்பூரில் சுவா, ஹாங்காங்கில் சோய். சியாங் கை ஷேக் பெயர் இன்னும் கலப்படம்: குடும்பப் பெயர் மாண்டரின், மீதி கான்டனீஸ். பின்யின் ஒரு பொறியும் வைத்திருக்கிறது. டி, ஏ, என் என்று எழுதும் டான் பெய்ஜிங்கிலிருந்து வந்தவரானால், அவர் சிங்கப்பூர் டான் அல்லவே அல்ல. அது வேறோர் எழுத்து, கான்டனீஸில் தாம். லூ என்ற பெயரின் உதடு குவித்த உயிருக்குத் தட்டச்சில் விசை இல்லாமல் வி எழுத்தை அழுத்திப் பழகி, பலர் எல், வி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2012க்குப் பிறகு கடவுச்சீட்டில் எல், ஒய், யு.

குமாஸ்தாக்கள் செய்த பெரிய காரியம் வேறு. சீனர் குடும்பப் பெயரை முதலில் சொல்வார். ஐரோப்பியக் குமாஸ்தா கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று பழகியவர். அதனால் பல இடங்களில் ஒருவரின் இயற்பெயரே சந்ததிக்கெல்லாம் குடும்பப் பெயராக உறைந்தது. 'ஆ' என்பது நாம் செல்லமாகக் கூப்பிடுவதற்குச் சேர்த்துக்கொள்வது போன்ற ஒட்டு. மொரீஷியஸின் 25 ரூபாய்த் தாளில் இருக்கும் ஆ சுவன் அப்படி உருவான பெயர். பிலிப்பைன்ஸில் கோ யூ ஹுவான் என்பவரின் பெயரோடு அண்ணன் என்ற மரியாதைச் சொல்லும் ஒட்டிக்கொண்டு கோஹுவாங்கோ என்ற பெரிய குடும்பப் பெயர் பிறந்தது. இந்தோனேசியாவில் 1966க்குப் பிறகு சீனர்கள் இந்தோனேசியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. லிம்கள் பலர் சாலிம், ஹாலிம் என்று பழைய ஒலியை உள்ளே ஒளித்துவைத்தார்கள், ஊய்கள் பலர் விஜயா ஆனார்கள். தாய்லாந்தின் ஷினவாத்ரா குடும்பம் கூ என்ற பெயரோடு வந்த ஹக்கா குடும்பம்.

எங்கள் அச்சகத்துக்கு ஒருமுறை அண்ணன் தம்பி இருவர், தந்தையின் எண்பதாம் பிறந்தநாள் அழைப்பிதழ் அடிக்க வந்தார்கள். ஆங்கிலப் பக்கத்தில் அண்ணன் பெயர் டே, தம்பி பெயர் டே என்பதையே வேறு எழுத்துக்கூட்டில் எச் போட்டு. பிறப்புப் பத்திரம் எழுதிய இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எதைத் திருத்துவது என்று நான் விழித்தேன். திருத்த வேண்டாம், இரண்டும் சட்டப்படியான பெயர் என்று சிரித்தார்கள். சீனப் பக்கத்தில் மூன்று பேருக்கும் ஒரே எழுத்துதான் கோத்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. டான் வெய் மிங் என்றிருந்தால் மிஸ்டர் டான் என்று கூப்பிடுங்கள், மிஸ்டர் மிங் வேண்டாம். அந்த இருவரிடமும் "எந்த எழுத்து?" என்று கேளுங்கள், சீனர்கள் தங்களுக்குள் அன்றாடம் கேட்டுக்கொள்ளும் கேள்விதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "சாவ் தோவ் ஹுவாங்" என்று சொன்னால் புல் தலை, பிரதமரின் பெயர். "கோவ் தியன் வூ" என்றால் வாய்க்குறியின் கீழே வானம், கோ சோக் டோங்கின் பெயர்.